ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் அந்த அரை மணி நேரம்

டான்சில் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த நான்கு வயதுப் பிள்ளை, கண்ணைத் திறந்ததும் வீறிட்டு அலறுகிறது. முதுகை வளைத்து உதைக்கிறது, கையிலிருக்கும் டிரிப் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறது. அம்மா பக்கத்திலேயே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவரைத் தாண்டி எங்கோ பார்க்கிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளையை ஈப்போ நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பும் குடும்பங்கள் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். "மருந்து ஒத்துக்கலையோ?" "பாதியில முழிச்சிட்டானோ?" "மூளைக்கு ஏதும் ஆயிருக்குமோ?" பெரும்பாலும் இந்த மூன்றும் இல்லை.

மயக்கத்திலிருந்து விழிக்கும்போது வரும் தற்காலிகக் குழப்பம் இது. 1961-இல் எக்கன்ஹாஃப் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை விரிவாக எழுதினார்கள். செவோஃப்ளூரேன் என்ற வாயு மருந்து பரவலான பிறகு குழந்தைகளிடம் இது அதிகம் கண்ணில் படுகிறது. செவோஃப்ளூரேன் இரத்தத்தில் குறைவாகவே கரையும். வாயுவை நிறுத்தியதும் நுரையீரல் வழியாகச் சீக்கிரம் வெளியேறிவிடும். உடம்பு எழுந்துவிடுகிறது, ஆனால் சுற்றுப்புறத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னும் திரும்பவில்லை. இரண்டு வயது முதல் ஆறு, ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளிடமும், தொண்டை, காது, மூக்கு, கண் ஆபரேஷன்களிலும் இது கூடுதலாக வரும். வந்தால் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தானாக அடங்கும். பிள்ளைக்குப் பிறகு அது நினைவிலும் இருக்காது.

தானாக அடங்குவதற்கு மருந்து எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் பத்து நிமிடத்தில் தையல் பிரியலாம், டான்சில் புண்ணில் இரத்தம் கசியலாம், டிரிப் கழன்று அவசரத்துக்கு மருந்து கொடுக்க வழியில்லாமல் போகலாம், பிள்ளை கட்டில் கம்பியில் தலையை இடித்துக்கொள்ளலாம். அதனால்தான் விழிப்பை மெதுவாக்கும் தூக்க மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்த மருந்துகள் நன்றாக வேலை செய்வது, அலறல் தொடங்குவதற்கு முன்பே, ஆபரேஷன் முடியும் தறுவாயில், குறைந்த அளவில், மெதுவாகக் கொடுக்கும்போதுதான். அலறல் தொடங்கிய பிறகு கொடுப்பது வேறு விஷயம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அந்த வேலை, காரணம் தேடுவது. ஆபரேஷன் முடிந்தவர்கள் கண் விழிக்கும் ரிக்கவரி அறையில் புரண்டு அடிக்கும் எந்த நோயாளிக்கும், வயது எதுவானாலும், தூக்க மருந்தைத் தொடுவதற்கு முன் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். விரலில் மாட்டிய கிளிப் துள்ளலில் கழன்றிருக்கலாம். அப்போது திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் உதட்டு நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்தவரும் இதே மாதிரிதான் கை கால் உதறுவார். அவருக்குத் தூக்க ஊசி போட்டால் மூச்சே நின்றுவிடக்கூடும். அடுத்து, தசை தளர்த்தும் மருந்தின் வேகம் முழுதாகத் தணிந்துவிட்டதா என்று பாருங்கள். பாதி பலத்தோடு விழித்தவர் மூச்சு முட்டி, பேச முடியாமல், கரையில் போட்ட மீனைப் போலத் துடிப்பார். நரம்பை அடுத்தடுத்து நான்கு முறை தூண்டிப் பார்க்கும் கருவியில் தசையின் நான்காவது துடிப்பு முதல் துடிப்பின் 0.9 பங்கையாவது எட்டியிருக்க வேண்டும். பிறகு இரத்தச் சர்க்கரை. நீரிழிவு இல்லாத வீடே அரிது என்ற நிலைமையில், விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அதற்குப் பிறகு வலி, நிரம்பிய மூத்திரப்பை, குளிர், இரத்த அழுத்தம். புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுத்த பெரியவராக இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்பதும் இந்த வரிசையில் வரும்.

டான்சில் எடுத்த பிள்ளையிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்றும் குடிக்காமலே அடிக்கடி விழுங்கிக்கொண்டிருந்தால் தொண்டையில் இரத்தம் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். அமைதியின்மைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூக்க மருந்து கொடுத்துவிட்டால் பிள்ளை சத்தமில்லாமல் இரத்தத்தை விழுங்கிக்கொண்டே படுத்திருக்கும். டெக்ஸ்மெடெடோமிடின் என்ற தூக்க மருந்தைக் கொடுத்திருந்தால் நாடித் துடிப்பு வேகமெடுப்பதும் மட்டுப்படும், எச்சரிக்கை மணியே அடிக்காது. டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்காமல் அந்தப் பிள்ளைக்கு எந்த மருந்தையும் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வலிக்கும் குழப்பத்துக்கும் வித்தியாசம் காண 'பேட்' என்ற அளவுகோல் உதவும். 2004-இல் சிகிச், லெர்மன் என்ற இருவர் வெளியிட்டது. கண்ணோடு கண் பார்க்கிறதா, செய்வதில் நோக்கம் இருக்கிறதா, சுற்றுப்புறம் புரிகிறதா, நிலைகொள்ளாமல் இருக்கிறதா, சமாதானப்படுத்த முடியாத அழுகையா என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 20. முதல் மூன்றும் குறையக் குறைய, கடைசி இரண்டும் கூடக் கூட மதிப்பெண் ஏறும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் குழப்பம் என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஐந்தில் முதல் மூன்று கேள்விகளுக்குத்தான் அதிகக் கனம் கொடுக்க வேண்டும். வலியில் அழும் பிள்ளை அம்மாவைப் பார்த்து அழும், கையை நீட்டும், தொண்டையைத் தொட்டுக் காட்டும். குழப்பத்தில் இருக்கும் பிள்ளை அம்மாவின் கையையே தட்டிவிடும்.

இனி மருந்துகள். இப்போது அதிகம் பேசப்படுவது டெக்ஸ்மெடெடோமிடின். அமெரிக்காவில் 1999-இல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக அனுமதி பெற்ற மருந்து. மூளைத் தண்டில் விழிப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு பகுதியில் வேலை செய்து, இயல்பான தூக்கத்தை ஒத்த நிலையைத் தருகிறது. தட்டிக் கூப்பிட்டால் விழிப்பார், விட்டால் மறுபடி தூங்குவார். மூச்சை அதிகம் அழுத்தாது என்பதுதான் இதன் பெரிய பலம். வலியையும் ஓரளவு குறைக்கும், நடுக்கத்தையும் குறைக்கும்.

குழந்தைகளுக்கு விழிப்பை மென்மையாக்க வழக்கமாகக் கொடுப்பது கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மைக்ரோகிராம், பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். ஆபரேஷன் முடிய ஏறக்குறைய கால் மணி நேரம் இருக்கும்போது தொடங்கலாம். கணக்கைப் பார்ப்போம். குப்பியில் 2 மி.லி.க்கு 200 மைக்ரோகிராம் இருக்கும். அதோடு 48 மி.லி. சலைன் கலந்தால் மொத்தம் 50 மி.லி., ஒரு மி.லி.யில் 4 மைக்ரோகிராம். 15 கிலோ பிள்ளைக்கு 0.5 வீதம் 7.5 மைக்ரோகிராம், அதாவது 1.9 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. பத்து நிமிடத்தில் போக, பம்ப்பை மணிக்கு 11.25 மி.லி. வேகத்தில் வைக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கலக்காத குப்பியிலிருந்து அதே 1.9 மி.லி.யை எடுத்துவிட்டால் 190 மைக்ரோகிராம், இருபத்தைந்து மடங்கு. ஆகவே சிரிஞ்சில் மருந்தின் பெயரை மட்டும் எழுதாமல், ஒரு மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது சிக்கல் பம்ப்பிலிருந்து போகும் நீளக் குழாய். அதற்குள்ளேயே ஒரு மி.லி.யோ அதற்கு மேலோ அடங்கும். குழாயில் சலைன் நிரப்பியிருந்தால் பம்ப் பாதி வேலையை முடிக்கும்வரை பிள்ளைக்குப் போவது சலைன் மட்டுமே. "மருந்து கேட்கவில்லை" என்று யாராவது குழாயை வேகமாக ஃபிளஷ் செய்தால் மிச்சமிருக்கும் மருந்து மொத்தமும் ஒரே தள்ளலில் போகும். முதலில் இரத்த அழுத்தம் எகிறும், கூடவே நாடி விழும். குழாய் முனைவரை மருந்தையே நிரப்பிக்கொண்டு, கையிலிருக்கும் ஊசிக்கு மிக அருகில் இணைக்க வேண்டும். முடிந்ததும் குழாயை ஃபிளஷ் செய்யாமல் அப்படியே கழற்றிவிட வேண்டும்.

சரியான அளவிலும் நாடி குறையத்தான் செய்யும். இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையில் அடைப்பு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே நாடி மந்தமாக இருப்பவர்களுக்கும் தவிர்ப்பது நல்லது. அட்டெனோலோல், டிகாக்சின் மாதிரி நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மிகுந்த கவனம் வேண்டும்.

டிரிப் போடுவதற்கே பயப்படும் பிள்ளைக்கு இதே மருந்தை மூக்கிலும் விடலாம். கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். இங்கே மட்டும் கலக்காத மருந்துதான் பயன்படும், 15 கிலோ பிள்ளைக்கு 0.15 முதல் 0.3 மி.லி. எரிச்சல் இருக்காது. ஆனால் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். அந்த நேரம் கொடுக்காமல் அவசரப்பட்டுத் தியேட்டருக்குள் கொண்டு போனால் பலன் இல்லை. மூக்கடைத்த பிள்ளைக்கும் சரியாக இறங்காது.

எல்லா இடத்திலும் கையில் இருப்பது புரோபோஃபோல் என்ற மயக்க ஊசி. வாயுவை நிறுத்தும்போது கிலோவுக்கு 1 மி.கி. கொடுத்தால் விழிப்பு அமைதியாக இருக்கிறது. 15 கிலோவுக்கு 15 மி.கி., ஒரு சதவீதப் பால் நிறக் கரைசலில் 1.5 மி.லி. கிலோவுக்கு 3 மி.கி.யை மூன்று நிமிடத்தில் மெதுவாக ஏற்றும் முறையும் உண்டு. விழிக்கச் சில நிமிடம் கூடுதலாகும், அதை ரிக்கவரி மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) முன்னமே சொல்லிவிட வேண்டும். மூச்சு சற்று நேரம் நின்றுபோகலாம் என்பதால் முகமூடியும் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. மயக்கத்தைத் தொடங்கும்போதே இதைக் கொடுத்தது போதுமே என்று நினைக்கலாம். ஆனால் குறுகிய ஆபரேஷனானாலும் பிறகு முழுக்கச் செவோஃப்ளூரேனில் வைத்திருந்தால், தொடக்கத்தில் கொடுத்தது முடிவில் உதவாது.

மிடாசோலாம் என்ற தூக்க மருந்து பழைய பழக்கம். ஆபரேஷனுக்கு அரை மணி நேரம் முன்பு கிலோவுக்கு 0.5 மி.கி. வாய்வழியாகக் கொடுத்தால் அம்மாவைப் பிரியும் பயம் குறையும். விழிக்கும்போது வரும் குழப்பத்தைத் தடுக்கும் விஷயத்தில் இதை நம்பியிருக்க முடியாது. சில பிள்ளைகள் இதைக் குடித்துவிட்டு இன்னும் அதிகமாகத் துள்ளும். ஃபென்டனில் என்ற வலி மருந்தைக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் ஆபரேஷன் முடியப் பத்து, இருபது நிமிடம் முன்பு கொடுத்தால் வலி, குழப்பம் இரண்டும் குறையும். வாந்தி கூடும்.

இத்தனையும் செய்தும் அலறல் வந்து, காரணம் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை என்றால், முதல் சில நிமிடம் பிள்ளை விழாமல், அடிபடாமல் பிடித்துக்கொண்டு விளக்கைத் தணித்துச் சத்தத்தைக் குறைத்தாலே பல பிள்ளைகள் அடங்கிவிடும். அடங்காமல் ஆபத்தாக இருந்தால் புரோபோஃபோல் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி., அல்லது டெக்ஸ்மெடெடோமிடின் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மைக்ரோகிராம் மெதுவாக. கொடுத்த பிறகு பிள்ளை மறுபடி மயங்கிய நோயாளிதான். மானிட்டர், ஆக்சிஜன், பக்கத்தில் ஒருவர், எல்லாம் முதலிலிருந்து.

பெரியவர்களின் விழிப்பு வேறு மாதிரிச் சிக்கல். மூச்சுக்காகப் போட்ட தொண்டைக் குழாய் இருக்கும்போதே இருமி, திணறி, இரத்த அழுத்தம் ஏறி எழுந்திருப்பார்கள். கண், மூளை, கழுத்து ஆபரேஷன்களில் இந்த இருமல் தையலுக்கே கேடு. டெக்ஸ்மெடெடோமிடின் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் பத்து நிமிடத்தில் கொடுத்தால் இருமலும் அழுத்தமும் மட்டுப்படும். 60 கிலோ ஆளுக்கு அதே கலவையில் 7.5 மி.லி., பம்ப்பில் மணிக்கு 45 மி.லி. லிக்னோகேய்ன் என்ற மரப்பு மருந்தைக் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. குழாயை எடுக்கச் சில நிமிடம் முன்பு கொடுப்பதும் மலிவான, எளிய வழி. ஆண்களிடம் மூத்திரக் குழாய் ஒரு தனித் தொல்லை. மயக்கத்தில் போட்ட குழாய் என்பதால், விழித்ததும் மூத்திரம் முட்டுகிறது என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார்கள். "குழாய் போட்டிருக்கும், முட்டுற மாதிரி இருக்கும், தானா வடிஞ்சிரும்" என்று முதல் நாளே சொல்லி வைத்தால் பாதித் துள்ளல் இருக்காது.

எங்கள் பக்கத்தில் இரண்டு விஷயத்தை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, குடி. தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பவர் ஆபரேஷனுக்காக நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரும். அதை விழிப்புக் குழப்பம் என்று நினைத்துவிட்டால் சிகிச்சையே மாறிப்போகும். மிடாசோலாம் வகை மருந்து மிகவும் தேவைப்படும் இடமும் இதுதான். வீட்டுப் பெண்கள் வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம். மற்றொன்று, வெற்றிலை பாக்கு. பல வருடம் பாக்கு மென்ற பாட்டிகளுக்கு உள் கன்னம் இறுகி வாய் முழுதாகத் திறக்காது. விழிக்கும்போது மூச்சு நின்றால் மறுபடி குழாய் போடுவது கடினம். ஆகவே அவர்கள் முழு விழிப்புக்கு வந்து, கண் திறந்து, சொன்னதைச் செய்த பிறகே குழாயை எடுப்பார்கள். தூக்க மருந்தைத் தாராளமாகக் கொடுக்கும் இடமில்லை அது.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு டெக்ஸ்மெடெடோமிடின் அளவையும் குறைக்க வேண்டும், மிடாசோலாமை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். அது முதியவர்களிடம் குழப்பத்தைக் கூட்டும். வாழ்நாள் முழுக்கப் பால் மரம் (ரப்பர்) வெட்டியே இருந்து, தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கிறார். கண்ணாடி இல்லை, காது கேட்கும் கருவி இல்லை, பல் செட் இல்லை, தலைக்கு மேலே ஒருவர் மலாயில் "மக்சிக், புக்கா மாத்தா" (அம்மா, கண்ணைத் திறங்க) என்கிறார். அவர் மிரளாமல் என்ன செய்வார்? கண்ணாடியையும் காதுக் கருவியையும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு ரிக்கவரி வரை கூடவே அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ உதவியாளரோ இருந்தால் வந்து, "பாட்டி, ஆப்பரேசன் முடிஞ்சிருச்சு, ஆஸ்பத்திரியிலதான் இருக்கீங்க, மகன் வெளிய நிக்கிறாரு" என்று காதருகே சொல்லட்டும். எந்த ஊசிக்கும் முன்பு இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அன்றே வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு ஆபத்து வண்டியில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அதற்கு மேல் தோட்டத்து மண் சாலை. தூக்க மருந்தின் மிச்சத்தோடு பின் சீட்டில் உட்கார்ந்த பிள்ளையின் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுக் குழல் மடிந்து அடைபடும். குறட்டை விடும் பெரிய டான்சில் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு ஆபத்து, அவர்களை ஒரு இரவாவது வார்டில் வைத்துப் பார்ப்பதே சரி. வண்டி ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். போனைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்பை அன்று கொடுக்காதீர்கள். கோடீன் கலந்த மருந்து பன்னிரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. சில பிள்ளைகளின் உடம்பு அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சு நின்ற சம்பவங்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் அதற்குத் தடை போட்டது. வலிக்குப் பாராசிட்டமோல் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கடையில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வகை சிரப் கிடைக்கிறது. 15 கிலோ பிள்ளைக்கு 225 மி.கி. வேண்டும். முதல் வகையில் ஏறக்குறைய 9.4 மி.லி., இரண்டாவதில் 4.5 மி.லி. போத்தலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

மயக்க மருந்து வாங்கிய பெரியவர்கள் இருபத்து நான்கு மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, செம்பனைக் குலை வெட்டும் அரிவாளைத் தொடக் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. பிள்ளை எழுப்பியும் எழவில்லை, உதடு நீலம் பூக்கிறது, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, வாயிலோ மூக்கிலோ சிவப்பு இரத்தம் தெரிகிறது என்றால் 999-ஐ அழையுங்கள், மறுநாள் பார்ப்போம் என்று விடாதீர்கள். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எந்த அளவு கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விழிக்கும்போது பிள்ளை அலறியதா என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தோட்டத்துக் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரிடம் அதைக் காட்டி வையுங்கள். அடுத்த ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.